யாருக்கு எவ்வளவு? வெல்லாவெளி வகுப்பறைக்கு ஒரு தண்ணீர்க் கணக்கு

சிறுபோக வேளாண்மை வெட்டி முடிந்த பிறகு மட்டக்களப்பின் வெல்லாவெளிப் பக்கம் போனால் வீதியோரத்தில் கான்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். மஞ்சள் கான், நீலக் கான், மூடி தொலைந்த எண்ணெய்க் கான், கழுத்தில் கயிறு கட்டிய குடம். தண்ணீர் பவுசர் எப்போது வருமென்று எவருக்கும் நிச்சயமில்லாததால் மனிதருக்குப் பதிலாகக் கான்கள் காத்து நிற்கின்றன. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு வட்டம் கலங்கல் நீர். சில இடங்களில் குளத்து வயிற்றிலோ ஆற்று மணலிலோ பூவல் தோண்டி, ஊறி வரும் நீரைச் சிரட்டையால் அள்ளுகிறார்கள். இது புரட்டாதி. கார்த்திகை, மார்கழியில் அதே வீதிக்கு மேலாக வெள்ளம் பாயும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உழவு இயந்திரப் பெட்டியில் நின்றபடி அதைக் கடப்பார்கள், அல்லது வீட்டிலேயே இருந்து விடுவார்கள்.

தரம் 6க்கு வருவதற்குள், வாவியின் உட்கரையான இந்தப் படுவான்கரையின் பிள்ளை வறட்சி, வெள்ளம் இரண்டையும் பலமுறை பார்த்து விடுகிறது. வகுப்பறையில் அதற்குக் கிடைப்பதோ நீர்வட்டப் படம். கடலிலிருந்து ஓர் அம்புக்குறி முகிலுக்கு, முகிலிலிருந்து மலைக்கு, மலையிலிருந்து ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து மறுபடி கடலுக்கு. படம் சரியானதுதான், ஆனால் அதில் அணைக்கட்டு, மதகு, வான்கதவு, பவுசர் எதுவும் இல்லை. திறப்பைக் கையில் வைத்திருக்கும் மனிதர் ஒருவரும் இல்லை. தண்ணீர் தானாகப் போய்த் தானாக வருகிறது. வெல்லாவெளியின் வயலுக்கும் கானுக்கும் ஒரு சொட்டுத் தண்ணீரும் தானாக வருவதில்லை. யாரோ திறந்ததால் வருகிறது, யாரோ மூடியதால் நிற்கிறது. சுற்றாடல் கல்வி இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இலங்கைப் பள்ளிகளில் சுற்றாடல் கல்விக்குக் குறை சொல்ல முடியாத ஒரு மரபு உண்டு. ஆரம்ப வகுப்புகளில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் தனிப் பாடமாகவே இருக்கின்றன. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் முன்னோடித் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகள் மரம் நட்டு, பிளாஸ்திக் பொறுக்கி, சேதனப் பசளை செய்து பதக்கம் பெறுகிறார்கள். அந்த உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனாலும் அந்தப் பாடங்கள் ஏறக்குறைய முழுவதும் நடத்தை பற்றியவை: குப்பை போடாதே, நீரை வீணாக்காதே, விளக்கை அணை. ஐந்து பேருள்ள வீட்டில் நாளொன்றுக்கு நூறு லீற்றர் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கையில், நீரை வீணாக்காதே என்று அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வதில் பொருளில்லை. அந்தப் பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி, யாருக்கு எவ்வளவு போகிறது என்பது. அதற்குப் பங்கு என்ற பழைய சொல் நம்மிடம் இருக்கிறது. இன்று உலகம் சுற்றாடல் நீதி என்று அழைப்பதன் கரு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

சுற்றாடல் நீதி என்ற பேச்சு அமெரிக்காவில் வலுப்பெற்றது 1982இல். வட கரோலைனா மாநிலத்தில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த வாரன் கவுண்டியில் நச்சு மண்ணைக் கொண்டுவந்து புதைக்க முற்பட்டபோது மக்கள் லொறிகளுக்கு முன்னால் வீதியில் படுத்தார்கள். மாசும் பஞ்சமும் எல்லாருக்கும் சமமாக வருவதில்லை, ஏற்கனவே கீழே தள்ளப்பட்டவர் மீதே அதிகம் விழுகின்றன என்பதை அந்தப் போராட்டம் நாடறியச் சொன்னது. மட்டக்களப்பில் இதை விளங்கிக்கொள்ள வட கரோலைனா வரை போக வேண்டியதில்லை. வாவியின் மேலுள்ள பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் போதும்.

மட்டக்களப்பு வாவி இந்த மாவட்டத்தை நீளவாக்கில் பிளந்து கிடக்கிறது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கடலோரம் எழுவான்கரை, உட்புறம் படுவான்கரை. ஞாயிறு எழும் கரையில் பட்டினம், ஆஸ்பத்திரி, பெரிய பள்ளிக்கூடம், தார் வீதி, குழாய் நீர். ஞாயிறு படும் கரையில் வயல், குளம், மாட்டுப் பட்டி, யானை. போரதீவுப்பற்றின் பிரதேச செயலகம் இருக்கும் வெல்லாவெளி படுவான்கரையில் இருக்கிறது. மேற்கே நவகிரிக் குளம். அதற்கும் அப்பால் இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம், கல்லோயாத் திட்டத்தின் தாய்க்குளம். சுதந்திரத்துக்குப் பின் இந்நாடு கையிலெடுத்த முதல் பெரிய பல்நோக்குத் திட்டம் அது. வேலை தொடங்கியது 1949இல். குளம் நிரம்பினால் 7,70,000 ஏக்கர் அடி நீர் கொள்ளும். அணையின் காலடியில் மின் நிலையமும் உண்டு. 35ஆம் கிராமம், 40ஆம் கிராமம் என்று எண்ணால் அழைக்கப்படும் ஊர்கள் வெல்லாவெளிப் பிரதேசத்தில் இருப்பதும் அந்தக் குடியேற்றத் திட்டத்தின் சுவடுதான். தன் ஊருக்கு ஏன் பெயரில்லை, ஏன் எண் இருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டால், அது வரலாறும் புவியியலும் ஒன்றாகத் தொடங்கும் இடம். அந்த வரலாற்றில் 1956 ஜூனும் இருக்கிறது. கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர் கொல்லப்பட்ட நாட்கள் அவை. அதை மறைத்துக்கொண்டு தண்ணீர்ப் பாடம் நடத்த முடியாது. அங்கேயே நின்றுவிட்டாலும் பாடம் முழுமை பெறாது.

ஏனென்றால் அதே கல்லோயாவில் 1980களின் தொடக்கத்தில் வேறொன்றும் நடந்தது. நான் அறிந்தவரை படுவான்கரைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்த மிகச் சிறந்த கதை அது. அன்று இடதுகரைக் கால்வாய் பாழடைந்து கிடந்தது. தலைமதகடியில் இருந்தவர்களுக்கு வேண்டிய அளவு நீர், கடைவாய்க்காலில் இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. தலைமதகடியில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைவாய்க்காலில் பெரும்பாலும் தமிழ் விவசாயிகள். கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாக ஊர்களுக்கு அனுப்பின. அவர்கள் விவசாயிகளின் வீடுகளுக்கு அருகே தங்கி, ஒவ்வொரு கிளைவாய்க்காலாக நடந்து, யாருக்கு எப்போது நீர் கிடைக்கிறது என்று கேட்டார்கள். 1981இல் சமுத்திரம் காற்பங்கு அளவே நிறைந்திருந்த சிறுபோகத்தில், விவசாயிகள் தாமாகவே சேர்ந்து வாய்க்கால்களைத் துப்புரவாக்கினார்கள், முறை வைத்து நீர் பாய்ச்சினார்கள், மிஞ்சியதைக் கீழே இருந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். இவையெல்லாம் சில வாரங்களுக்குள் நடந்தவை. இதை அருகிலிருந்து பார்த்த கோர்னெல் ஆய்வாளர் நோர்மன் அப்கொஃப் பின்னாளில் 1992இல் ஒரு நூலாகவே எழுதினார். உலகமெங்கும் பாசனம் படிப்பவர்கள் கல்லோயா என்றால் இந்தக் கதையைத்தான் நினைக்கிறார்கள். கல்லோயா நீர் வந்து சேரும் கடைசி வயல்களின் பிள்ளைகளுக்கு இது சொல்லப்படுவதில்லை.

இதிலிருந்து வகுப்பறை எடுத்துக்கொள்ள வேண்டியது ஒற்றுமை பற்றிய உபதேசத்தை விட முக்கியமான ஒன்று. அமைப்பாளர்கள் முதலில் செய்த வேலை எண்ணுவது. எந்தக் கிளைக்கு எத்தனை நாள், எந்த வயலுக்கு எத்தனை மணி நேரம். எண் வெளிச்சத்துக்கு வந்த பிறகு, மேலே இருந்தவருக்கும் கீழே இருந்தவரின் வறட்சி கண்ணில் பட்டது. முறைப்பாடாக மட்டும் கிடந்த ஒன்று கணக்காக மாறியபோது பேச்சுக்கு இடம் கிடைத்தது.

அப்படிப்பட்ட ஒரு கணக்கு ஒவ்வொரு போகத்திலும் வெல்லாவெளியில் பகிரங்கமாகப் போடப்படுகிறது. அதற்குப் பெயர் ஆரம்பக் கூட்டம். நீர்ப்பாசனத் திணைக்களத்தார், கமநல சேவை அதிகாரிகள், விவசாய அமைப்புகள், வாய்க்கால் நீரைப் பங்கிடும் வட்டவிதானைமார் எல்லாரும் கூடி, குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, எத்தனை ஏக்கர் செய்யலாம், முதல் நீர் எந்தத் திகதி, கடைசி நீர் எந்தத் திகதி, மாடுகளை வயற்பகுதியிலிருந்து எப்போது வெளியேற்றுவது என்று முடிவெடுக்கிறார்கள். ஒரு சிறுபோகக் கூட்டத்தின் தீர்மானத் தாளை எடுத்துத் தரம் 9 பிள்ளைகளின் முன் வைத்துப் பாருங்கள். கொள்ளளவு, பரப்பு, விகிதம், ஆவியாதல் ஆகியவற்றில் கணிதமும் விஞ்ஞானமும் வந்துவிடும். எந்த வயற்கண்டத்துக்கு இம்முறை நீர் இல்லை, அந்தக் கண்டத்துக்குக் கடந்த முறை கிடைத்ததா, யார் எழுந்து பேசினார்கள், குத்தகைக்குச் செய்பவருக்கும் கூலிக்குப் போகும் பெண்களுக்கும் அங்கே கதிரை இருந்ததா என்ற கேள்விகள் குடியியலைக் கொண்டுவரும். புதிய பாடநூல் தேவையில்லை, அந்தத் தாளின் பிரதி ஒன்று போதும்.

குடிநீர்க் கணக்கு இதைவிடக் கடினமானது. படுவான்கரையின் வடக்கே உன்னிச்சைக் குளம். அதன் நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு, வாவியைக் கடந்து நகரத்துக்கும் கடலோர ஊர்களுக்கும் குழாயில் போகிறது. நகரத்துக்கு நீர் வேண்டும், அதில் எவருக்கும் மறுப்பில்லை. ஆனால் குளத்தைச் சூழ்ந்த ஊர்கள் நெடுங்காலம் குழாய் இல்லாமல் இருந்தன. அந்த மக்கள் தங்கள் குளத்து நீரைத் தங்களுக்கும் தரும்படி கேட்டு வீதிக்கு இறங்க வேண்டியிருந்தது. 2018இல் பெரிய புல்லுமலையில் நிலத்தடி நீரை உறிஞ்சிப் போத்தலில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்று எழும்பியபோது எதிர்ப்பு மாவட்டம் முழுவதும் பரவி, செப்டம்பரில் கடையடைப்பு வரை போயிற்று. கோடையில் பவுசரை நம்பியிருக்கும் ஒரு நிலப்பரப்பிலிருந்து தண்ணீரை விற்பனைக்கு எடுப்பது எப்படி நியாயம் என்று மக்கள் கேட்டார்கள். கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் பிளாச்சிமடை ஆதிவாசி மக்கள் 2002இல் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்வி. மயிலம்மா என்ற பழங்குடிப் பெண் தன் கிணற்று நீரில் சோறு வேகவில்லை என்பதிலிருந்து தொடங்கினார். 2004இல் அங்கிருந்த குளிர்பான ஆலை மூடப்பட்டது. அடுப்படியில் நிற்கும் ஒரு தாய் கண்டுபிடிக்கும் விஞ்ஞானம் அது. நம் வகுப்பறைகள் அதை விஞ்ஞானமாக மதிக்கக் கற்க வேண்டும்.

கிணறு எப்படிப் பாடமாகும் என்பதற்கு 2004 டிசம்பர் 26க்குப் பிந்திய மாதங்களையும் பார்க்கலாம். எழுவான்கரை மணலில் நன்னீர் ஒரு வில்லை போல உவர் நீரின் மேல் மிதக்கிறது. ஆழிப்பேரலை அந்த வில்லையைக் கலக்கியது. உதவ வந்தவர்கள் நல்லெண்ணத்தோடு கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துத் துப்புரவாக்கினார்கள். கிழக்குக் கரையில் பின்னர் ஆய்வு செய்தவர்கள் கண்டது என்னவென்றால், அந்த இறைப்பால் பெரிய பயன் விளையவில்லை, அளவு மீறி இறைத்த இடங்களில் கீழிருந்த உவர் நீர் மேலேறவும் வழி பிறந்தது. மாரி மழையே மெல்ல மெல்ல உப்பைக் கழுவியது. நல்ல மனமும் அவசரமும் மட்டும் இருந்து, அளவு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். படுவான்கரையில் நிலம் வேறு. கீழே பாறை, நீர் அதன் வெடிப்புகளில் தங்குகிறது. அதனால் ஒரு வளவில் கிணறு ஊறும், அடுத்த வளவில் வற்றும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளே அளந்து வரைபடமாக்கலாம். நூலில் கட்டிய கல், மீற்றர் நாடா, மின்கடத்துதிறனைக் காட்டும் கையடக்கக் கருவி ஒன்று, இவ்வளவுதான் தேவை.

தண்ணீரும் மின்சாரமும் வேறு வேறு பாடம் இல்லை என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சாட்சி. எண்ணெயில் இயங்கிய மின் நிலையத்தின் கழிவு சுண்ணாம்புக் கல்லினூடே கசிந்து ஊர்க் கிணறுகளுக்குள் போயிற்று. வாளியில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. நிலையத்தை நடத்திய நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றும், மேற்பார்வை செய்ய வேண்டிய அரச நிறுவனங்கள் தம் கடமையில் தவறின என்றும் நீதிமன்றம் சொன்னது. வெளிச்சம் ஒரு பக்கம் போனது, எண்ணெய் இன்னொரு பக்கம் தங்கியது. திருகோணமலைச் சம்பூரில் 2006இல் இடம்பெயர்ந்த மக்களின் நிலத்தை ஒட்டி 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் திட்டமிடப்பட்டு, நீண்ட எதிர்ப்புக்குப் பின் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கே 120 மெகாவாட் சூரிய மின் திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது. சூரிய மின்சாரம் சுத்தமானது என்பதில் ஐயமில்லை. யாருடைய நிலம், யாரைக் கேட்டார்கள் என்ற கேள்வி எரிபொருள் மாறியதால் இல்லாமல் போய்விடாது. கிழக்கு மாகாணப் பிள்ளைகள் இந்த இரண்டு வழக்குகளையும் தெரிந்திருக்க வேண்டும்.

வெல்லாவெளிக்குள்ளேயே மின்சாரம் பற்றிய பாடம் யானை வேலியில் தொங்குகிறது. மாலை ஆனதும் காட்டோர ஊர்களில் பிள்ளைகள் வெளியே போவதில்லை. மேலதிக வகுப்புக்குப் போன பிள்ளை இருட்டுவதற்குள் வந்து சேர வேண்டும். 2023ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன, யானை மனித மோதலில் 150க்கும் மேற்பட்ட மனிதர் இறந்தார்கள். முறையான யானை வேலியில் சூரிய மின்கலத்தால் இயங்கும் கருவி ஆயிரக்கணக்கான வோல்ற்றுத் துடிப்பை அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் முடிந்துவிடுவதால் யானை அதிர்ந்து விலகும், சாகாது. வீட்டு மின்கம்பியிலிருந்து நேரே கொக்கி போட்ட கம்பியில் 230 வோல்ற்று இடைவிடாமல் ஓடும். அது யானையையும் கொல்லும், அந்த வழியே வந்த அயலவரையும் கொல்லும். உயர்ந்த வோல்ற்று கொல்லாமல் விட, தாழ்ந்த வோல்ற்று ஏன் கொல்கிறது என்பது க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானத்துக்கு எவ்வளவு அருமையான வினா! வேலி எங்கே போடப்படுகிறது என்பது அடுத்த வினா. யானை ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோ பல ஆண்டுகளாகச் சொல்லி வருவது, திணைக்களங்களின் எல்லைக்கோட்டில் போட்ட வேலிக்கு இரண்டு பக்கமும் யானை நிற்கிறது, ஊரையும் வயலையும் சுற்றிப் போட்டால்தான் பயன் என்பது. தங்கள் ஊர் வேலி எந்த வகை என்று பிள்ளைகள் நடந்து பார்த்துச் சொல்லலாம்.

இன்னொரு கணக்கை வகுப்பில் கரும்பலகையிலேயே போடலாம். ஐந்து பேர், ஆளுக்கு 20 லீற்றர், மொத்தம் 100 லீற்றர். குடம் 15 லீற்றர் கொள்ளும், ஆகவே ஏழு நடை. பவுசர் நிரப்பும் தாங்கி வீட்டிலிருந்து 300 மீற்றர் என்றால், போய்வர ஏழு நடைக்கு 4.2 கிலோமீற்றர். அதில் பாதித் தூரம் இடுப்பில் 15 கிலோ. இனி மின்சாரத்தின் பக்கம். ஓர் அலகு மின்சாரம், பாதி வீணானாலும், 18,000 லீற்றர் நீரைப் பத்து மீற்றர் உயரத்துக்கு ஏற்றும். அதாவது 180 வீடுகளின் ஒரு நாள் தேவை. ஒரு தாய் 4.2 கிலோமீற்றர் நடந்து செய்வதை ஓர் அலகின் நூற்றெண்பதில் ஒரு பங்கு செய்துவிடும். வீட்டில் குடம் தூக்குவது யார் என்று அடுத்துக் கேட்டால், வகுப்பில் கை தூக்குபவர்களில் அதிகம் பெண் பிள்ளைகளாக இருப்பார்கள். 2022 மார்ச் கடைசியில் மின்துண்டிப்பு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டபோது, மோட்டரை நம்பிய வீடுகள் தவித்தன, கப்பியைக் கழற்றாமல் வைத்திருந்த கிணற்றடியில் கூட்டம் சேர்ந்தது. அந்த நாட்களை இன்றைய மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பாடங்களில் ஓர் இடர் இருக்கிறது. பங்கு கேட்கக் கற்கும் பிள்ளை தன் பக்கத்தின் குறையை மட்டும் எண்ணக் கற்றுவிடலாம். அதற்கு மருந்து, வாவி கடலைச் சேரும் முகத்துவாரம். மாரியில் வாவி பெருகும்போது தாழ்ந்த வயல்களின் வேளாண்மை நீரில் நிற்கிறது. ஆற்றுவாயை வெட்டிக் கடலுக்கு நீரை விடும்படி விவசாயிகள் கேட்கிறார்கள். வேளை தவறி வெட்டினால் வாவியின் நீர்மட்டமும் உவர்த்தன்மையும் மாறி, இறாலும் மீனும் பாதிக்கப்படும் என்று மீனவர்கள் கவலைப்படுகிறார்கள். வெள்ளம் வீட்டுக்குள் வந்த குடும்பத்துக்கு இரண்டையும் விட அவசரம். மூன்று பேரும் நியாயமுள்ளவர்கள். இதில் பாடநூலில் எழுதக்கூடிய ஒரே விடை கிடையாது. வகுப்பை மூன்றாகப் பிரித்து விவசாயி வீட்டுப் பிள்ளையை மீனவருக்காகப் பேச வைத்தால், ஒரு மணி நேரத்தில் கற்பது ஒரு தவணைக்குத் தாங்கும். முடிந்தால் இன்னும் ஒரு படி: வாய்க்காலின் மேல்முனையில் இருக்கும் சிங்களப் பள்ளி ஒன்றும், வாவியின் அக்கரையில் முஸ்லிம் பள்ளி ஒன்றும் அதே மாதத்தில் அதே அளவுகளை எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பலாம். எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

ஆசிரியர்கள் சொல்லக்கூடிய தடைகளை நான் சிறிதாக நினைக்கவில்லை. பாடத்திட்டம் முடிக்க வேண்டும், பரீட்சை வருகிறது, விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றம் பெற்று எழுவான்கரைக்குப் போய்விட்டார். அதற்கும் மேலாக, தண்ணீர் யாருக்கு என்று கேட்டால் அரசியல் பேசுகிறார் என்று பெயர் வந்துவிடுமோ என்ற அச்சம், போரைக் கடந்து வந்த நிலத்தில் இயல்பானது. ஆனால் தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கத்தின் முயற்சியில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் 1993 முதல் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காகத் தங்கள் ஊர்க் குளத்தையும் குப்பையையும் ஆராய்ந்து வருகிறார்கள். அங்கே பாதுகாப்பாக இருந்தது முறைமை: கேள்வியை எழுது, அளவை எடு, திகதியிடு, மற்றவர் சரிபார்க்கக் கொடு. கோஷத்தை அடக்கிவிடலாம், திகதியிட்ட அளவை அவ்வளவு எளிதில் அடக்க முடியாது. வாவியைக் கவனிக்கும் மரபும் இங்கே உண்டு. விபுலாநந்த அடிகள் இந்த வாவியின் மீன் பாடலைக் கேட்டுத்தான் யாழ்நூலில் நீரரமகளிரைப் பாடினார். அவர் விஞ்ஞானம் கற்றவர், விஞ்ஞானம் கற்பித்தவர். வாவிக்குக் காது கொடுப்பது மட்டக்களப்பு ஆசிரியருக்குப் புதிது அன்று.

செலவில்லாமல் தொடங்கக் கூடியது ஒன்று. பள்ளிக்கூடக் கிணற்றின் உட்கட்டில், ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை, நீர் நிற்கும் இடத்தில் வெள்ளை மையால் ஒரு கோடும் திகதியும். கொப்பியில் அதே அளவு, பக்கத்தில் பவுசர் வந்த நாட்கள், நவகிரியின் நீர்மட்டம், யானை வந்த இரவுகள். தரம் 6இல் தொடங்கும் பிள்ளை சாதாரண தரம் எழுதும்போது ஆறு ஆண்டுக் கோடுகள் அங்கே இருக்கும். அந்தக் கொப்பியோடு இரண்டு மாணவர்கள் அடுத்த சிறுபோக ஆரம்பக் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார அனுமதி கேட்கலாம். குளத்தில் எத்தனை அடி என்று அதிகாரி வாசிக்கும்போது, தங்கள் கிணற்றில் எத்தனை அடி என்று அவர்களும் வாசிப்பார்கள்.